மாற்று மருந்துகளும் உரைகல்லும்

நாளிதழ்களின் உடல்நலப் பகுதிகளிலும், புத்தகக் கடைகளில் கிடைக்கும் சிறு நூல்களிலும் ஒரு வகைக் கட்டுரை அடிக்கடி தென்படுகிறது. ‘கவனக் குறைவா? மாத்திரை வேண்டாம், மாற்று வழிகள் பத்து’ என்பது போன்ற தலைப்பு, கீழே ஒரு பட்டியல். மீன் எண்ணெய், பிரமி, அமுக்கரா, மூளைப் பயிற்சி விளையாட்டு, மூளை அலைப் பயிற்சி, யோகாசனம், காப்பி, கூடவே ‘கிளர்வூட்டி அல்லாத’ மாத்திரைகள் இரண்டு மூன்றின் பெயர்கள். எல்லாம் ஒரே வரிசையில், ஒரே உறுதியுடன் அச்சிடப்பட்டிருக்கும். ‘இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கும் இவை பாதுகாப்பானவை’ என்று ஒரு வரியும் சில சமயம் இறுதியில் சேர்க்கப்பட்டிருக்கும்.

அத்தகைய பட்டியல்களைப் பற்றிய விமர்சனமே இக்கட்டுரை. எழுதுபவன் மருத்துவன் அல்லன்; கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். எந்த மருந்தையும் பரிந்துரைக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஓர் அளவீட்டை எந்த அளவுக்கு நம்பலாம், அதன் பிழை எல்லை என்ன, அளந்தவர் யார் என்று கேட்பது எங்கள் அன்றாடத் தொழில். அந்தக் கேள்விகளையே இங்கும் கேட்கப் போகிறோம். தங்கத்தின் தரத்துக்கும் தமிழில் ‘மாற்று’ என்றே பெயர். தட்டார் அதை வாய்ச்சொல்லால் ஒப்புக்கொள்வதில்லை. உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார். மாற்று மருந்தையும் அவ்வாறே உரைத்துப் பார்க்க வேண்டாமா?

இரண்டு கோளாறுகள், ஒரே ஆள்

முதலில் சிக்கலைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்பது குழந்தைப் பருவத்திலேயே தோன்றுவது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் சில தென்பட்டிருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் வரையறை. எடுத்த வேலையை முடிக்க இயலாமை, பொருள்களைத் தொலைத்தல், சொன்னதை மறத்தல், ஓரிடத்தில் அமர இயலாமை முதலியன ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக இருந்துவரும்.

இருமுனைக் கோளாறோ அலை போன்றது. சில வாரங்களோ மாதங்களோ ஆழ்ந்த மனச்சோர்வு. பிறகு ஒரு காலத்தில் மேனியா எனப்படும் மிகையெழுச்சி. அந்த நிலையில் தூக்கம் குறைந்தாலும் களைப்புத் தோன்றாது, பேச்சு பெருகும், கைப்பணம் கரையும், நடக்க முடியாத திட்டங்கள் எல்லாம் நாளையே நடந்துவிடும் போலத் தோன்றும். அலைகளுக்கு இடையில் அமைதியான காலமும் உண்டு.

இரண்டும் வெவ்வேறாயினும் ஓரிடத்தில் கலந்துவிடுகின்றன. மிகையெழுச்சியின் அறிகுறிகளுள் ‘கவனம் எளிதில் சிதறுதல்’ ஒன்று. மனச்சோர்வின் அறிகுறிகளுள் ‘மனத்தை ஒருமுகப்படுத்த இயலாமை’ ஒன்று. ஆக, கவனம் சிதறுகிறது என்ற ஒரே செய்தியைக் கொண்டு எந்தக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் அரிதன்று. 71 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மதிப்பீடு, இருமுனைக் கோளாறு உள்ள வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குக் கவனக்குறைவுக் கோளாறும் உண்டு என்று காட்டியது.

கல்லூரி மாணவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். ஈராண்டுகளுக்கு முன் மிகையெழுச்சி ஏற்பட்டு மருத்துவமனையில் இருந்தான். லித்தியம் கொடுத்தார்கள், அலை அடங்கியது. ஆயினும் வகுப்பில் பத்து நிமிடம் தொடர்ந்து கவனிக்க முடியவில்லை. இது மூன்றாம் வகுப்பிலிருந்தே உள்ள தொல்லை. தேர்வு நெருங்குகிறது. கவனத்துக்குரிய மருந்து கேட்டால், ‘மறுபடியும் மேனியா வந்துவிடுமோ’ என்று வீட்டார் அஞ்சுகின்றனர். அப்போது யாரோ அந்தப் பட்டியலைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவன் என்ன செய்வான்? பட்டியலின் தரம் இவ்விடத்தில்தான் ஒரு மனிதனின் வாழ்க்கைச் சிக்கலாகிவிடுகிறது.

அச்சம் நியாயமானதா?

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், பிராவிடென்ஸ் நகருக்கு அருகிலிருந்த குழந்தைகள் மருத்துவமனையொன்றில், சார்ல்ஸ் பிராட்லி என்ற மருத்துவர் 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்னும் ஆம்ஃபிட்டமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்து 1937-இல் தம் முடிவை வெளியிட்டார். அவர்களுள் 14 பேர் பள்ளிப் பாடங்களில் வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டினர். பிறகு 1944-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சிபா நிறுவனத்து வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்ஃபெனிடேட் என்னும் பொருளைத் தயாரித்தார். ரிட்டாலின் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. இவ்விரண்டும்தான் இன்றும் முதன்மையான கிளர்வூட்டிகள்.

நரம்புச் செல்கள் சந்திக்கும் இடங்களில் டோபமின், நார்அட்ரினலின் ஆகிய வேதிச் செய்தியாளர்கள் கூடுதலாகவும் கூடுதல் நேரமும் நிற்கும்படி இம்மருந்துகள் செய்கின்றன. இதனால் கவனம் கூடுகிறது. ஆனால் மிகையெழுச்சியிலும் டோபமினுக்குப் பங்குண்டு என்று கருதப்படுவதால் மருத்துவர்கள் தயங்குகின்றனர்.

திருவிழா மைக் செட்டை எண்ணிக் கொள்ளுங்கள். பேசுபவர் குரல் கேட்கவில்லை என்று ஒலியளவைக் கூட்டுகிறோம். மைக்கும் ஒலிபெருக்கிக் குழாயும் அருகருகே இருந்தால், குரல் கேட்பதற்குப் பதிலாகக் காதைக் கிழிக்கும் ஊளை எழுகிறது. குழாயிலிருந்து வரும் ஒலி மைக்கில் மீண்டும் நுழைந்து பெருகிக்கொண்டே போவதே காரணம். அனுபவமுள்ளவர் முதலில் மைக்கை நகர்த்தி வைப்பார். பிறகே ஒலியளவைக் கூட்டுவார். மூளை மைக் செட் அன்று; ஒப்புமை ஓரளவுக்கே பொருந்தும். எனினும் ‘எதை முதலில் செய்வது’ என்ற கேள்வியை அது நினைவூட்டுகிறது.

அச்சத்துக்கு அளவீடு உண்டா? உண்டு. சுவீடன் நாட்டின் மருத்துவப் பதிவேடுகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2017-இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் அச்சாகியது. 2006-க்கும் 2014-க்கும் இடையில் மெத்தில்ஃபெனிடேட் தொடங்கிய, இருமுனைக் கோளாறு உள்ள 2,307 வயதுவந்தோர் இதில் இடம்பெற்றனர். ஒவ்வொருவரையும் அவருடனேயே ஒப்பிட்டார்கள்: மருந்து தொடங்கும் முன்பிருந்த காலம் ஒருபுறம், தொடங்கிய பின்வந்த காலம் மறுபுறம். மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து எதுவும் இன்றி மெத்தில்ஃபெனிடேட் மட்டும் உட்கொண்டவர்களுக்கு, முதல் மூன்று மாதங்களில் மிகையெழுச்சி ஏற்படும் வேகம் 6.7 மடங்காயிற்று. சமன்படுத்தும் மருந்தையும் சேர்த்து உட்கொண்டவர்களுக்கோ அது 0.6 மடங்காகக் குறைந்தது.

இவ்வெண்களையும் உரைத்துப் பார்க்க வேண்டும். 6.7 என்பதன் பிழை எல்லை 2.0 முதல் 22.4 வரை விரிகிறது. ஆய்வுக்கூடத்தில் மாணவர் எவரேனும் இவ்வளவு அகன்ற எல்லையுடன் ஒரு விடையைக் கொண்டுவந்தால், ‘இன்னும் அளவீடுகள் எடுத்து வா’ என்று அனுப்புவோம். ஆயினும் கீழ் எல்லையே 2.0 என்பதைக் கவனியுங்கள். அபாயம் எத்தனை மடங்கு என்பதில் ஐயம் இருக்கலாம். அது கூடுகிறது என்பதில் ஐயமில்லை.

0.6 என்ற எண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. ‘மெத்தில்ஃபெனிடேட் மேனியாவைத் தடுக்கிறது’ என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? கூடாது. நோயாளியின் மனநிலை அமைதியடைந்து வரும் காலம் பார்த்தே மருத்துவர்கள் இம்மருந்தைத் தொடங்குவர். அமைதியான காலத்தில் தொடங்கிய மருந்துக்குப் பின் அமைதி நிலவினால், அப்பெருமை முழுவதையும் மருந்துக்கே கொடுத்துவிட முடியாது.

வேறொரு திசையிலிருந்தும் இதற்குத் துணைச் சான்று கிடைக்கிறது. 2005-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இரு கோளாறுகளும் உள்ள 40 சிறுவர்களுக்கு முதல் 8 வாரம் டைவால்ப்ரோயெக்ஸ் என்னும் சமன்படுத்தும் மருந்து மட்டும் கொடுக்கப்பட்டது. 32 பேருக்கு மிகையெழுச்சி அடங்கியது. ஆனால் கவனக்குறைவு குறைந்தது 3 பேருக்கே. பிறகு அவர்களுள் 30 பேருக்கு ஆம்ஃபிட்டமின் உப்புக் கலவையும் போலி மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. எது எப்போது என்பது மறைக்கப்பட்டிருந்தது. கவனம் ஆம்ஃபிட்டமினால்தான் மேம்பட்டது; சோதனைக் காலத்தில் மிகையெழுச்சி பொதுவாக மோசமாகவில்லை. 30 என்பது சிறிய எண். காலமும் சில வாரங்களே. எனினும் இரண்டு ஆய்வுகளும் ஒன்றையே சுட்டுகின்றன: மருந்தின் பெயரைப் போலவே கொடுக்கும் வரிசையும் முக்கியமானது.

பட்டியல்களின் முதல் பெருங்குறை இங்கே வெளிப்படுகிறது. அவை வரிசையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

‘கிளர்வூட்டி அல்லாத’ என்ற சொல்

பட்டியலில் உள்ள மாத்திரைகளைப் பார்ப்போம். அட்டோமாக்செட்டின், விலாக்சசின், புப்ரோப்பியான் ஆகியவை பெரும்பாலும் இடம்பெறும். இவை கிளர்வூட்டிகள் அல்ல என்பது உண்மை. அதனாலேயே இருமுனைக் கோளாறு உள்ளவருக்குப் பாதுகாப்பானவை என்பது உண்மையன்று. அட்டோமாக்செட்டின் நார்அட்ரினலினை நரம்புச் சந்திப்பில் தங்கச் செய்கிறது. அமெரிக்காவில் 2002-இல் ஒப்புதல் பெற்ற இம்மருந்தின் விவரச் சீட்டிலேயே, இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு இது மிகையெழுச்சியைத் தூண்டக்கூடும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டுள்ளது. 2021-இல் ஒப்புதல் பெற்ற விலாக்சசினுக்கும் அவ்வாறே. புப்ரோப்பியான் அடிப்படையில் மனச்சோர்வு நீக்கும் மருந்து. அவ்வகை மருந்துகளைத் தனியே கொடுப்பதில் அதே அச்சம் உண்டு.

பட்டியல் எழுதுபவர் அந்தச் சீட்டைப் படித்திருந்தால், ‘பாதுகாப்பானவை’ என்ற வரியை எழுதியிருக்க முடியாது.

இம்மருந்துகள் பயனற்றவை என்று இதற்குப் பொருளன்று. 133 இரட்டை மறைப்புச் சோதனைகளைத் தொகுத்து 2018-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளிவந்த மதிப்பீடு மிகவும் பயனுள்ளது. மருந்தின் விளைவைத் திட்டவிலக்கத்தை அலகாகக் கொண்டு அது அளக்கிறது. 0.2 சிறிய விளைவு, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்பது பொது வழக்கு. வயதுவந்தோரிடம் ஆம்ஃபிட்டமின் 0.79, மெத்தில்ஃபெனிடேட் 0.49, புப்ரோப்பியான் 0.46, அட்டோமாக்செட்டின் 0.45 என்று கிடைத்தன. மோடாஃபினில் போலி மாத்திரையைவிட மேம்படவில்லை. ஆக, வயதுவந்த ஒருவருக்கு மெத்தில்ஃபெனிடேட்டுக்கும் அட்டோமாக்செட்டினுக்கும் இடையே சராசரி விளைவில் பெரிய வேறுபாடில்லை. ‘கிளர்வூட்டி இல்லாவிட்டால் பயனில்லை’ என்று எதிர்ப்புறத்தில் நின்று அடித்துப் பேசுவோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று: இத்தகைய சோதனைகளில் இருமுனைக் கோளாறு உள்ளவர்களைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை. மரச்சட்டத்தை அளக்கச் செய்த அளவுகோலை உருகும் மெழுகின்மேல் வைத்துப் படிப்பது போன்றது, இவ்வெண்களை அப்படியே நம் மாணவனுக்குப் பொருத்துவது. அவனைப் போன்றவர்களிடம் நேரடியாகச் செய்த சோதனைகள் மிகச் சில. 2003-இல் வெளிவந்த புப்ரோப்பியான் சோதனை ஒன்றில் இரு கோளாறுகளும் உள்ள 36 வயதுவந்தோர் ஆறு வாரம் பங்கேற்றனர். பலர் நலம் பெற்றனர். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரைக் குழு இல்லை. என்ன மருந்து என்பது எல்லோருக்கும் தெரியும். அது ஒரு நல்ல தொடக்கம், முடிவன்று.

அளந்தவர் யார்?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் ஒரு வேடிக்கை நடக்கும். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடச் சொல்வோம். விடை 980-ஐ ஒட்டி வரவேண்டும் என்பது பாடநூலில் உள்ளது. பெரும்பாலான ஏடுகளில் விடை 980-ஐச் சுற்றியே வரும்! மாணவர்கள் பொய்யர்கள் அல்லர். 975 வந்தால் ஒருமுறை கூடுதலாக எண்ணிப் பார்ப்பார்கள். 980 வந்தால் அத்துடன் நிறுத்திக்கொள்வார்கள். எதிர்பார்ப்பு, கையைப் பிடித்து எழுத வைக்கிறது.

கவனக்குறைவை அளக்க ஊசலும் இல்லை, நிறுத்தக் கடிகாரமும் இல்லை. பெற்றோரும் ஆசிரியரும் வினாத்தாளில் இடும் மதிப்பெண்ணே பெரும்பாலும் அளவுகோல். எனவே அளப்பவருக்குச் சிகிச்சை தெரிந்திருந்ததா என்பது உயிர்நாடியான கேள்வி.

2013-இல் வெளிவந்த ஒரு தொகுப்பு மதிப்பீடு, மருந்தல்லாத வழிகளைப் பற்றிய 54 சோதனைகளை எடுத்துக்கொண்டு இதைச் செய்து காட்டியது. சிகிச்சையை அருகிலிருந்து பார்த்தவர்கள் கொடுத்த மதிப்பெண்களைக் கொண்டு பார்த்தபோது எல்லா வழிகளும் பயன் தந்தன. சிகிச்சை பற்றி அறியாதவர்கள் என்று கருதத்தக்கோர் கொடுத்த மதிப்பெண்களை மட்டும் எடுத்தபோது, மூளை அலைப் பயிற்சி, நினைவுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி ஆகியவற்றின் பயன் ஐயத்துக்கிடமாகச் சுருங்கிவிட்டது. உணவில் கொழுப்பு அமிலம் சேர்ப்பதும், செயற்கை வண்ணங்களை நீக்குவதும் மட்டுமே நின்றன. கொழுப்பு அமிலத்தின் விளைவோ சிறியது.

மூளை அலைப் பயிற்சியை இன்னும் கடுமையாகச் சோதித்தவர்களும் உண்டு. 7 முதல் 10 வயது வரையுள்ள 144 குழந்தைகளிடம் நடந்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 2021-இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்குத் தத்தம் மூளை அலைகள் திரையிலுள்ள விளையாட்டை இயக்கின. மற்றக் குழுவுக்கு முன்பே பதிவு செய்யப்பட்ட அலைகள் இயக்கின. யாருக்கு எது என்பது குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. இரு குழுக்களும் நன்கு முன்னேறின! இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. வாரந்தோறும் வந்து அமர்ந்து, ஒருவர் அக்கறையுடன் கவனிக்க, ஊக்கம் பெற்றதே பயன் தந்திருக்கலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லையன்றோ?

‘இயற்கை’ என்ற சொல்

பட்டியல்களின் செல்லப்பிள்ளை இச்சொல். மூலிகை, உணவு, பத்தியம் என்றால் தீங்கில்லை என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இங்குத்தான் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து மிகுதி.

மேலை நாடுகளில் புனித ஜான் மூலிகை என்ற மஞ்சள் பூச்செடியின் சாறு பெரிதும் விற்பனையாகிறது. அமெரிக்காவில் கவனக்குறைவுள்ள 54 சிறுவர்களிடம் 8 வாரம் அதைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டனர். போலி மாத்திரையைவிட அது சிறிதும் மேம்படவில்லை. பயனில்லை என்பதோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். அது மனச்சோர்வு நீக்கியாகச் செயல்படுவது. இருமுனைக் கோளாறு உள்ளவர்களிடம் மிகையெழுச்சியைத் தூண்டிய நிகழ்ச்சிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மேலும் ஈரலின் நொதிகளை முடுக்கிவிட்டு, உடன் உண்ணும் வேறு மருந்துகள் சிலவற்றை உடல் விரைவில் அழித்துவிடுமாறும் செய்கிறது.

நம் நாட்டு அமுக்கராவின் கதை சற்று வேறு. இருமுனைக் கோளாறு உள்ள 53 பேரிடம் பிட்ஸ்பர்க்கில் 8 வாரம் நடந்த சோதனை 2013-இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் சாறு. எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லுதல் முதலிய சில மூளைத்திறன் தேர்வுகளில் போலி மாத்திரைக் குழுவைவிட முன்னேற்றம் தென்பட்டது; மற்றத் தேர்வுகளில் இல்லை. நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆயினும் அவர்கள் தம் வழக்கமான மருந்துகளை நிறுத்தாமல், அவற்றோடு சேர்த்தே இதை உண்டார்கள். அஃதாவது அங்கு அமுக்கரா ஒரு துணை, மாற்று அன்று. பட்டியலில் ஏறும்போது அந்தத் துணை எப்படியோ மாற்றாகிவிடுகிறது! மேலும் அமுக்கரா தைராய்டு இயக்கநீரைக் கூட்டக்கூடியது. லித்தியமோ தைராய்டைத் தளர்த்தக்கூடியது. இரண்டையும் சேர்த்து உண்பவருக்கு இரத்தச் சோதனை இன்றியமையாதது.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல். ‘உப்பைக் குறை’ என்பது பலருக்கு நல்ல அறிவுரையே. லித்தியம் உண்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் உப்பை விட்டுவிட்டால் என்ன ஆகும்? சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் உறவினர்; தனிம அட்டவணையில் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்பவை. சோடியம் குறைந்தால் சிறுநீரகம் அதைத் தேக்கிவைக்க முயலும்போது லித்தியத்தையும் சேர்த்துத் தேக்கிவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு நச்சு எல்லையைத் தொட்டுவிடக்கூடும். இது வெறும் கணிப்பன்று. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949-இல் லித்தியம் மிகையெழுச்சியை அடக்குவதை வெளியிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவில், உப்பு விலக்கிய இதய நோயாளிகளுக்கு ‘உப்புக்கு மாற்று’ என்று லித்தியம் குளோரைடு விற்கப்பட்டுச் சிலர் இறந்தனர். அப்பொருள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மாற்று என்ற சொல் உயிரைக் குடித்த வரலாறும் உண்டு.

காப்பியோ கிளர்வூட்டியேதான், டம்ளரில் வருவதால் அதன் குணம் மாறிவிடாது. இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். லித்தியம் சிறுநீரில் வெளியேறுவதைக் கூட்டும். நாளுக்கு ஐந்தாறு டம்ளர் குடித்தவர் திடீரென நிறுத்தினால் லித்தியம் அளவு ஏறும். எனவே தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மீன் எண்ணெய்க்கு இத்தகைய பெருந்தீங்கு இல்லை. அதன் பயனும் சிறிதே. 2011-இல் 10 சோதனைகளையும் 699 குழந்தைகளையும் தொகுத்தபோது விளைவு 0.31 என்று கிடைத்தது. பிரமிச் சாற்றைச் சிறுவர்களிடம் சோதித்து 2022-இல் வெளியிட்ட முடிவிலும், கவனக்குறைவின் முதன்மை அளவுகளில் போலி மாத்திரையை அது வெல்லவில்லை. கீரையை உணவாக உண்பதை யார் தடுப்பார்? மருந்தென்று நம்பி மருந்தைக் கைவிடுவதையே தடுக்க வேண்டும். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் மிகையெழுச்சி மீண்டும் தாக்கும் அபாயம் மிகவும் உயர்கிறது.

எது எஞ்சுகிறது?

இவ்வளவும் குறை சொல்வதாகவே முடிந்தால் விமர்சனம் நிறைவு பெறாது. பட்டியல் எழுதுவோரின் அடிப்படை எண்ணம் தவறானதன்று. கிளர்வூட்டி மருந்தால் பசி குறைந்து, தூக்கம் கெட்டு, படபடப்பால் துன்பப்படுவோர் உண்டு. முன்பு மிகையெழுச்சி கண்டவர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அவர்கள் வேறு வழி கேட்பதும் உரிமை. அந்தக் கேள்விக்குத் தரமான விடை வேண்டும் என்பதே நம் வாதம்.

தரமான பட்டியல் கீரையிலோ மாத்திரையிலோ தொடங்காது. ‘கவனம் ஏன் சிதறுகிறது?’ என்பதில் தொடங்கும். மனச்சோர்வு இன்னும் முழுதும் நீங்கவில்லையா? தூக்கம் போதவில்லையா? லித்தியத்தால் தைராய்டு தளர்ந்துவிட்டதா? சமன்படுத்தும் மருந்துகள் சில மந்தத்தை உண்டாக்குமே, அதன் அளவு மிகுதியா? இவற்றுள் ஒன்று காரணமாயின், அதைச் சரிசெய்வதே எல்லாவற்றினும் சிறந்த மாற்று. புதிய மருந்து எதுவும் தேவைப்படாமலே போகலாம்.

அடுத்தது தூக்கம். இருமுனைக் கோளாறும் தூக்கமின்மையும் உள்ள 58 பேரிடம் கலிபோர்னியாவில் நடந்த சோதனை 2015-இல் வெளிவந்தது. தூக்கத்தை ஒழுங்குபடுத்தும் எட்டு அமர்வுப் பயிற்சி பெற்றவர்களுக்கு, அடுத்த ஆறு மாதங்களில் மனநிலை அலைகள் குறைவாகவே மீண்டன. இங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரணத் தூக்கமின்மைக்குப் படுக்கை நேரத்தைக் கடுமையாகச் சுருக்கும் முறை கையாளப்படுகிறது. தூக்கம் குறைந்தால் மிகையெழுச்சி வரும் என்பதால் இவர்களுக்கு அதை மிதப்படுத்தியிருந்தார்கள். மருந்தில்லாத வழிக்கும் அளவு உண்டு.

மூன்றாவது, திட்டமிடவும் வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கவும் கவனச் சிதறலைக் குறித்துவைத்து மீளவும் கற்பிக்கும் சிந்தனை-நடத்தைப் பயிற்சி. 2010-இல் 86 வயதுவந்தோரிடம் நடந்த சோதனையில், தளர்வுப் பயிற்சி பெற்றோரைவிட இதைப் பெற்றோர் தெளிவாக மேம்பட்டனர். ஆனால் அவர்கள் அனைவரும் மருந்தும் உண்டுவந்தவர்கள். சோதனை இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கென நடத்தப்பட்டதும் அன்று. இதுவும் துணை என்ற அளவிலேயே மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.

இவற்றுக்குப் பிறகும் கவனம் தேறாவிட்டால், மனநிலை சமனடைந்த பின், அச்சமனைக் காக்கும் மருந்து தொடர்ந்துகொண்டிருக்கையில், சிறிய அளவில் தொடங்கி அடிக்கடி பார்த்து ஏற்றுவது என்ற முறையில் அட்டோமாக்செட்டினோ வேறு மருந்தோ கொடுக்கப்படலாம். அந்த நிலையில் கிளர்வூட்டியும் விலக்கப்பட்டதன்று என்பதையே சுவீடன் எண்கள் நமக்குச் சொல்கின்றன. எது என்பதை முடிவு செய்பவர் அந்த ஆளை நேரில் அறிந்த மனநல மருத்துவர்.

அடுத்த முறை இத்தகைய பட்டியல் ஒன்று கைக்கு வந்தால், ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு கேள்விகளை எழுதிப் பாருங்கள். இது யாரிடம் சோதிக்கப்பட்டது? அளந்தவருக்குச் சிகிச்சை தெரிந்திருந்ததா? மாற்றாகச் சோதித்தார்களா, துணையாகவா? ஏற்கெனவே உண்ணும் மருந்துடன் மோதுமா? பத்து வரிகளில் எட்டுக்கு விடை கிடைக்காது. விடை கிடைத்தவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத் தூக்கக் குறிப்பையும், குடிக்கும் காப்பியின் கணக்கையும், உண்ணும் சூரணம், லேகியம், எண்ணெய் அனைத்தின் பெயர்களையும் அத்துடன் சேர்த்து மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அந்தத் தாள், அச்சடித்த எந்தப் பட்டியலையும்விட அவருக்குப் பயன்படும்.